கையில் ஒரே தொகை: ஃபோர்-வீல் கேம்பர் வேனுக்கு முதல் செலவு அடிப்பாகத்துக்கா, டயருக்கா, பேட்டரிக்கா?

மலேசியாவின் பேராவில், சுங்கை சிப்புட், கோலகங்சார் பக்கம் பழைய மிட்சுபிஷி டெலிகாவையோ, ஜப்பானிலிருந்து வந்த ஃபோர்-வீல் (நாலு சக்கரமும் இழுக்கும்) டொயோட்டா ஹையேஸையோ வாங்கி, பின்னால் கட்டில் போட்டு ஊர் சுற்றுகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். வண்டி வந்துவிட்டது. ஒதுக்கி வைத்த பணம் ஒரு பெரிய வேலைக்குத்தான் போதும். கூலிங், பிரேக், ரப்பர் புஷ் என்று அடிப்பாகத்தைச் சரிபார்ப்பதா? வண்டியைத் தூக்கி ஆல்-டெரைன் டயர் மாட்டுவதா? ஃப்ரிட்ஜும் ஃபேனும் ராத்திரி முழுக்க ஓட இரண்டாவது பேட்டரியும் சோலாரும் போடுவதா?

போமனை, அதாவது பட்டறை மெக்கானிக்கைக் கேட்டால் முதலாவது என்பார். டயர் கடைக்காரர் இரண்டாவது என்பார். வீட்டில் கேட்டால், புழுக்கத்தில் ஒரு ராத்திரி படுத்து எழுந்தவர்கள் மூன்றாவதைத்தான் சொல்வார்கள். யாரும் தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் வண்டி எங்கே போகப் போகிறது, எவ்வளவு கனத்தைச் சுமக்கப் போகிறது என்ற இரண்டும் தெரியாமல் எந்தப் பதிலும் உதவாது.

## எதை வைத்து முடிவு செய்வது

முதல் அளவுகோல், வண்டி தானாக வீடு திரும்புமா என்பது. கெரிக்கிலிருந்து ஜெலிக்குப் போகும் கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலையில் மலைக்கு நடுவே நின்றுவிட்டால் இழுவை லோரி வருவதற்குள் இருட்டிவிடும். யானை குறுக்கே வரும் சாலை அது. இரண்டாவது, கனம். மூன்றாவது, பழுதானால் பக்கத்தில் யார் பார்ப்பார், பாகம் ஹாஃப்-கட் (வெட்டிக் கொண்டுவந்த பழைய வண்டிப் பாகங்கள் விற்கும்) கடையில் கிடைக்குமா அல்லது வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டுமா. நான்காவது, ஜேபிஜே-யும் (சாலைப் போக்குவரத்துத் துறை) இன்சூரன்ஸும். ஐந்தாவது, செலவு முடிந்த பிறகு வரும் செலவு.

கடைசியாகச் சொன்னதைத்தான் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. டயரின் விலை கடையிலேயே தெரிந்துவிடும். அந்த டயர் குடிக்கும் டீசல் அங்கே தெரியாது. தீபகற்பத்தில் 2024 ஜூன் 10-ஆம் தேதி டீசல் லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து 3.35-க்கு ஏறியது. அதன் பிறகு பழைய நிலையான விலை என்ற பேச்சே இல்லை. லிட்டருக்கு 10 கி.மீ. ஓடிக்கொண்டிருந்த வேன், மட்-டெரைன் டயரும் தூக்கலும் சேர்ந்து 8.5-க்கு இறங்கினால், 10,000 கி.மீ. ஓட்டத்துக்கு ஏறக்குறைய 176 லிட்டர் கூடுதல். அன்றைய 3.35 கணக்கில் 590 வெள்ளி.

## முதலில் எடை போடுங்கள்

மூன்றில் எதை எடுத்தாலும் இது முந்தி நடக்க வேண்டும். தோட்டப்புறத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி: செம்பனை ஆலை வாசலில் குலை லோரிகளை நிறுக்கும் எடைமேடை. ஆலை அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு, லோரி வரிசை இல்லாத நேரமாகப் பார்த்துப் போக வேண்டும். பயணம் கிளம்பும் அன்று எப்படி இருக்குமோ அப்படியே வண்டி இருக்கட்டும்: டாங்க் நிறைய டீசல், தண்ணீர், பாத்திரம், படுக்கை, வழக்கமாக ஏறும் ஆட்கள்.

முன்சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு எடை. முழு வண்டியும் ஏறி ஒரு எடை. முன்சக்கரம் இறங்கிப் பின்சக்கரம் மட்டும் நிற்க ஒரு எடை. முன்னும் பின்னும் கூட்டினால் மொத்தத்துக்குக் கிட்டத்தட்ட வர வேண்டும். 50 கிலோவுக்கு மேல் இடித்தால், மேடைக்கு வெளியே தரை மட்டமாக இல்லை என்று பொருள், திரும்ப நிறுங்கள். இந்த எண்களைக் கதவு ஓரத் தகட்டிலோ கையேட்டிலோ உள்ள அதிகபட்ச மொத்த எடையோடும், ஒவ்வொரு அச்சுக்கும் சொன்ன எடையோடும் ஒப்பிட வேண்டும். மொத்தம் அளவுக்குள் இருந்தும் பின் அச்சு தாண்டியிருப்பதுதான் அடிக்கடி காணும் நிலை, ஏனென்றால் கேம்பருக்காகச் சேர்க்கும் எல்லாமே பின்னால்தான் போய் உட்காருகிறது.

கனம் எங்கிருந்து வருகிறது? 40 லிட்டர் தண்ணீர் 40 கிலோ. 100 ஆம்பியர்-அவர் ஏஜிஎம் (மூடிய ஈய) பேட்டரி ஏறக்குறைய 30 கிலோ. 40 லிட்டர் ஃப்ரிட்ஜ் மீனும் பானமும் நிரம்பினால் 35-ஐத் தொடும். கூரைக் கூடாரம் 50, 60. யாரும் சந்தேகப்படாத ஆள் பிளைவுட்: வீட்டு அலமாரி செய்கிற தச்சரிடம் கொடுத்தால் பழக்கத்தில் 18 மி.மீ. பலகையை எடுப்பார், எட்டடிக்கு நாலடிப் பலகை ஒன்றே 30 கிலோவுக்கு மேல். 12 மி.மீ. போதும் என்று சொல்லி, கட்டிலுக்கு அடியில் அலுமினியச் சட்டம் கொடுத்தால் மூன்று பலகையில் 30 கிலோ மிச்சம். அதிகக் காசில்லாமல் கிடைக்கும் அப்கிரேட் இது.

## வழி 1: அடிப்பாகத்தைச் சரிபார்ப்பது

எல்400 டெலிகாவில் இஞ்சின் முன் இருக்கைகளுக்கு அடியில் அடைபட்டுக் கிடக்கிறது. 2.8 லிட்டர் 4எம்40 ஆனாலும் 2.5 லிட்டர் 4டி56 ஆனாலும் இரும்பு பிளாக், அலுமினிய ஹெட் (இஞ்சினின் மேல்பாகம்). ஒரு முறை கடுமையாகச் சூடேறினால் ஹெட் வளையும் அல்லது வெடிக்கும். சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் நீண்ட ஏற்றத்தில், ஏர்கோன் போட்டு, ஐந்து பேரோடு, மூன்றாவது கியரில் போகும் வேனுக்கு ரேடியேட்டர் அரைகுறையாக இருந்தால் அந்த ஒரு முறை அங்கேயே வரும்.

பார்க்க வேண்டிய வரிசை இது. ரேடியேட்டருக்கும் ஏர்கோன் கண்டென்சருக்கும் நடுவில் லாலாங் புல்லின் பூவும் செம்மண் தூசியும் சேர்ந்து பாய் மாதிரி படிந்திருக்கும். முன்னாலிருந்து தண்ணீர் அடித்தால் உள்ளே இன்னும் அழுந்தும். இஞ்சின் பக்கமிருந்து வெளியே, குறைந்த அழுத்தத்தில் அடிக்க வேண்டும். அடுத்தது விஸ்கஸ் ஃபேன், உள்ளிருக்கும் சிலிக்கோன் எண்ணெயின் பிடிப்பால் சுழலும் விசிறி. இஞ்சின் நன்றாகச் சூடானதும் அணைத்து, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, ஃபேன் இறக்கையைக் கையால் சுழற்றிப் பாருங்கள். கனமாக இழுத்து உடனே நின்றால் நல்லது. தாராளமாக இரண்டு மூன்று சுற்று சுற்றினால் உள்ளே இருந்த சிலிக்கோன் எண்ணெய் கசிந்து போய்விட்டது. நடுவில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் வட்டமாகப் பிடித்திருப்பதும் அதே அடையாளம்.

ரேடியேட்டர் மூடி சின்ன விஷயமாகத் தெரியும். 0.9 பார் அழுத்தம் தாங்கும் மூடியில் வெறும் தண்ணீர்கூட 119 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. மூடியின் ரப்பர் காய்ந்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய் 100 டிகிரியிலேயே கொதித்துக் கொட்டும். நம் ஊரில் உறைபனி இல்லையே என்று குழாய்த் தண்ணீர் ஊற்றுகிறவர்கள், கூலண்டின் இன்னொரு வேலையை மறக்கிறார்கள்: அலுமினியம் அரிக்காமல் காப்பது. பாதிக்குப் பாதி, சுத்திகரித்த தண்ணீரில், இரண்டு வருடத்துக்கு ஒரு முறை. ஊற்றும்போது வண்டியின் மூக்கை உயர்த்தி நிறுத்தி, ஹீட்டரைத் திறந்து வைத்து, குமிழி நிற்கும்வரை ஓட விட வேண்டும். இல்லாவிட்டால் காற்று ஹெட்டில் சிக்கிக்கொள்ளும்.

இனி வருவது ஜப்பான் வண்டிகளுக்கே உரியது. பின் இருக்கைக்கும் ஹீட்டர் வைத்திருக்கிறார்கள். அதற்குச் சுடுதண்ணீர் கொண்டுபோகும் இரும்புக் குழாய்கள் தரைக்கு அடியில் ஓடுகின்றன. மலேசியாவில் யாரும் அந்த ஹீட்டரைத் தொடுவதில்லை. ஆனால் குழாயில் கூலண்ட் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது, வெளியே சேறு பட்டுத் துருப்பிடிக்கிறது. ஓட்டை விழுந்தால் பின்சக்கரத்துக்கு முன்னால் சொட்டும். மழைக்காலத்தில் ரோட்டுத் தண்ணீர் என்று நினைத்துவிடுவோம். முன்பக்கம் அந்தக் குழாய்கள் பிரியும் இடத்திலேயே போக்கையும் வரவையும் ஒரு நல்ல ஹோஸால் இணைத்து, பின்பக்கத்தை முழுதாகத் துண்டித்துவிடலாம். அரை நாள் வேலை.

டேஷ்போர்டு முள்ளை நம்பக் கூடாது. பல பழைய வண்டிகளில் அது நடுவில் வந்து உட்கார்ந்தால் நிலைமை கைமீறும்வரை அசையாது. கூலண்டே இல்லாமல் போனால் சென்சார் காற்றில் நிற்கும், முள் இறங்கக்கூடச் செய்யும். ஹெட்டில் போல்ட்டோடு பிடிக்கும் தனி வெப்ப சென்சாரும், கூலண்ட் மட்டம் குறைந்தால் கத்தும் அலாரமும் போடுங்கள். மூன்று வழியிலும் சேர்த்து, போட்ட காசுக்கு அதிகம் திருப்பித் தருவது இந்த இரண்டும்தான்.

மற்றவை சுருக்கமாக. 4டி56-க்கு டைமிங் பெல்ட், கூடவே பேலன்ஸ் ஷாஃப்டுக்கு இன்னொரு பெல்ட். மாற்றிய தேதிக்குச் சான்று இல்லாவிட்டால் இரண்டையும் மாற்றியே ஆக வேண்டும். 4எம்40-க்குச் செயின். பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரம் இழுக்கும்: டாட் 4 புதிதாக இருக்கும்போது 230 டிகிரி தாங்கும், ஈரம் ஏறினால் 155 என்பதுதான் அதன் தர அளவு. கேமரனிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும் வளைவுகளில் பெடல் ஸ்பொஞ்சாகப் போவது இதனால்தான். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள்.

டிஃப்ரன்ஷியல் (இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி) மூச்சுக்குழாயைக் கவனிக்கிறவர்கள் குறைவு. ஓடிச் சூடான டிஃப் ஆற்றுத் தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கி, அச்சின் மேலிருக்கும் சின்ன மூச்சுத்துளை வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். அடுத்த சர்வீஸில் எண்ணெய் தே தாரிக் (பால் தேநீர்) நிறத்தில் இறங்கினால் அதுதான் நடந்திருக்கிறது. ஒரு மீட்டர் ஹோஸை மாட்டி இஞ்சின் அறை உயரத்துக்கோ பின்விளக்கு உயரத்துக்கோ கொண்டுபோனால் பிரச்சினை தீர்ந்தது. டிஃபுக்கு ஜிஎல்-5 80டபிள்யூ-90 எண்ணெய். கியர்பாக்ஸுக்கும் டிரான்ஸ்பர் பெட்டிக்கும் கையேடு ஜிஎல்-4 கேட்டால் அதையே ஊற்றுங்கள், உள்ளே இருக்கும் பித்தளைப் பாகங்களுக்குச் சில ஜிஎல்-5 எண்ணெய் ஆகாது.

டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து வரும் பயோடீசல் கலந்திருக்கிறது. அது ஈரத்தைச் சேர்த்துக்கொள்ளும், பழைய டாங்கின் அடியில் படிந்ததைக் கரைத்து ஃபில்டருக்கு அனுப்பும், பழைய வகை ரப்பர் ஹோஸை நாளடைவில் இளக்கும். வாரக்கணக்கில் நிற்கும் கேம்பருக்கு டாங்க் நிறைந்திருப்பதே நல்லது. ஃபில்டருக்கு அடியில் உள்ள திருகைத் தளர்த்தித் தண்ணீரை மாதம் ஒரு முறை வடியுங்கள். ரிட்டர்ன் ஹோஸை விட்டான் ரகத்துக்கு மாற்றுங்கள். ஒரு ஃபில்டர் எப்போதும் வண்டியில் இருக்கட்டும்.

மறைந்த செலவு: ஒன்றைத் திறந்தால் இன்னொன்று தெரியும். ரேடியேட்டரை இறக்கும்போது வாட்டர் பம்ப் கசிவது கண்ணில் படும், துருப்பிடித்த போல்ட் உடையும். பாகத்தை விடக் கூலி அதிகமாகும் வேலை இது. மதிப்பீட்டுக்கு மேல் மூன்றில் ஒரு பங்கு கையில் வைத்துக்கொள்ளுங்கள். வண்டி இரண்டு மூன்று வாரம் பட்டறையில் நிற்கும். கடைசியில் காசு போட்ட அடையாளமே வெளியே தெரியாது. வீட்டில் விளக்கம் சொல்வதுதான் கஷ்டம்.

## வழி 2: டயரும் ஸ்ப்ரிங்கும்

இதை ஒரே செலவாக நினைப்பது தவறு. டயர் ஒரு முடிவு, ஸ்ப்ரிங் ஒரு முடிவு, தூக்குவது மூன்றாவது முடிவு. மூன்றாவது பலருக்குத் தேவையே இல்லை.

டயரில், தார்ச்சாலைக்கான எச்டி (ஹைவே-டெரைன்) ரகம் சத்தமில்லாதது, மழையில் நன்றாகப் பிடிக்கும், டீசல் மிச்சம். காய்ந்த தோட்டப் பாதைக்கு இதுவே போதும். ஆல்-டெரைன் கல்லும் சரளையும் கலந்த பாதைக்கு. பக்கச் சுவர் தடிமன் என்பதால் வெட்டப்பட்ட செம்பனை மட்டையின் முள்ளையும் கல் முனையையும் தாங்கும். ஆனால் மழைக்குப் பின் செம்மண் களியில் அதன் பள்ளங்களும் அடைபட்டு வழுவழுப்பாகிவிடும். அங்கே அகலப் பள்ளமுள்ள மட்-டெரைன்தான் சுழலும்போதே மண்ணை வீசி எறியும். அதே மட்-டெரைன் ஹைவேயில் கொட்டும் மழையில் பிரேக் பிடிக்கும்போது மூன்றிலும் மோசம். சுங்கை சிப்புட்டுக்கு அப்பால் லாசா தாண்டி உள்ளே பலகைமர லோரிப் பாதைகளில் மாதா மாதம் போகிறவர்களைத் தவிர மற்றவர்களுக்கு ஆல்-டெரைன்தான் சரியான எல்லை.

ரகத்தை விட முக்கியம், பக்கச் சுவரில் உள்ள சுமை எண். 104 என்றால் ஒரு டயருக்கு 900 கிலோ, 109 என்றால் 1,030, 112 என்றால் 1,120. எடைமேடையில் கிடைத்த பின் அச்சு எடையைப் பாதியாக்கி இதோடு ஒப்பிடுங்கள். கொஞ்சமாவது மிச்சம் இருக்க வேண்டும். தயாரித்த தேதி நாலு இலக்கம்: 2324 என்றால் 2024-இன் 23-ஆம் வாரம். மலிவாகக் கிடைக்கும் 'புது' டயர் கடையிலேயே மூன்று வருடம் கிடந்ததாக இருக்கலாம்.

இரண்டு டயரை மட்டும் மாற்றி மிச்சம் பிடிப்பது ஃபோர்-வீலுக்கு ஆகாது. ஹையேஸ் ஃபோர்-வீல் எப்போதும் நாலு சக்கரத்தையும் விஸ்கஸ் கப்ளிங் (கெட்டியான எண்ணெய் வழியாகச் சுழற்சியைக் கடத்தும் இணைப்பு) வழியாக இணைத்தே ஓடுகிறது. முன்னும் பின்னும் டயரின் சுற்றளவு வேறுபட்டால் கப்ளிங் ஓயாமல் உரசிச் சூடாகிக் கெட்டுப்போகும். அது நாலு டயரை விட விலை கூடின பாகம். டெலிகாவின் சூப்பர் செலக்டிலும் 4எச் (நாலு சக்கரமும் இழுக்கும்) நிலையில் ஓட்டுகிறவர்களுக்கு இதே எச்சரிக்கை. பழைய எல்300 டெலிகாவில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில் டிஃப்ரன்ஷியல் கிடையாது, தார் ரோட்டில் டூ-வீலில்தான் ஓட வேண்டும். ஆக ஸ்பேரையும் சேர்த்து ஐந்து டயர் வாங்கிச் சுழற்சியில் போடுவதே கணக்கு. காற்று அழுத்தத்தைக் கரடுமுரடான பாதையில் 25 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கினால், எச்டி டயர்கூட ஆச்சரியப்படும் அளவுக்கு ஏறும். தாருக்குத் திரும்பியதும் ஏற்றிவிட வேண்டும். அதற்கு பேட்டரியில் கிளிப் போடும் கம்ப்ரசர் தேவை, சிகரெட் லைட்டர் துளையில் சொருகும் சின்னது ஒரு டயரிலேயே திணறும்.

ஸ்ப்ரிங்குக்கு வருவோம். டெலிகாவின் பின்பக்கம் தாழ்ந்து, ஹெட்லைட் மரத்தில் அடிக்கிறது என்றால் தேவைப்படுவது தூக்கல் அல்ல, நிரந்தரமாக 200 கிலோ கூடுதலாகத் தாங்கும் காயில் ஸ்ப்ரிங். ஷாக்கும் அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும். சில நாள் மட்டும் கனம் ஏற்றுகிறவர்கள் காயிலுக்குள் பொருத்தும் காற்றுப் பையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இரண்டு அங்குலம் தூக்குவது டெலிகாவில் எளிதாகத் தெரியும்: முன்னால் டார்ஷன் பாரின் (முறுக்கத்தில் ஸ்ப்ரிங்காக வேலை செய்யும் கம்பி) போல்ட்டை முறுக்கினால் உயரும், பின்னால் உயரக் காயில். முறுக்கினால் ஸ்ப்ரிங் கடினமாவதில்லை. சக்கரம் கீழே இறங்குவதற்கு இடம்தான் குறைகிறது. பள்ளத்தில் டக்கென்று மோதும். டிரைவ் ஷாஃப்டின் கோணம் கூடுவதால் அதன் மூட்டை மூடும் சிவி பூட் ரப்பர் கிழியும், கிரீஸ் வெளியே தெறித்து, செம்மண் உள்ளே போய் மூட்டு தேயும். அலைன்மெண்ட் மறுபடி. உயரமான வேன் இன்னும் உயரமானால் ஹைவேயில் பக்கக்காற்றுக்கு ஆடும். இதற்கு மேல் ஜேபிஜே ஒப்புதல் இல்லாத மாற்றம் என்றால் சாலைத் தடுப்பில் சம்மன், விபத்தில் இன்சூரன்ஸ்காரர் கேட்கும் முதல் கேள்வியும் அதுவே.

## வழி 3: பின்பக்க மின்சாரம்

முதலில் எவ்வளவு வேண்டும் என்ற கணக்கு. 12 வோல்ட் கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ் ஓடும்போது 4, 5 ஆம்பியர் இழுக்கும். நம் வெயிலில் பாதி நேரம் ஓடும் என்று வைத்தால் நாளுக்கு 50 ஆம்பியர்-அவர். ஃபேன் ராத்திரி எட்டு மணி நேரத்துக்கு 10 முதல் 16. விளக்கு, போன் எல்லாம் சேர்த்து 10. மொத்தம் 70 முதல் 76. ஏர்கோன் கணக்கில் இல்லை. பேட்டரியில் ராத்திரி முழுக்க ஏர்கோன் ஓட்டும் ஆசையை இந்த அளவு வேனில் விட்டுவிடுவது நல்லது. ஜன்னலுக்குக் கொசுவலையும் ஒரு கூரை ஃபேனும் பாதி வேலையைச் செய்யும்.

100 ஆம்பியர்-அவர் ஏஜிஎம்மில் ஆயுள் கெடாமல் எடுக்கக்கூடியது 50. ஒரு நாளுக்கே போதாது. அதே அளவு லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டில் 80, 90 எடுக்கலாம். எடை 11 முதல் 13 கிலோ. ஏஜிஎம் பாதி இறக்கத்தில் சில நூறு சுற்று தாங்கும், லித்தியம் 2,000-க்கு மேல். ஈய பேட்டரிக்கு வெப்பம் எமன். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும் என்பது நெடுங்காலக் கணக்கு. மூடி நிறுத்திய வேன் மத்தியானத்தில் எவ்வளவு சூடாகும் என்பது நமக்குத் தெரியும். லித்தியமும் வெப்பத்துக்குத் தப்பியதல்ல: 45 முதல் 55 டிகிரிக்கு மேல் அதன் பாதுகாப்புச் சர்க்யூட் சார்ஜை நிறுத்திவிடும். எனவே இஞ்சின் அறையில் வைக்கவே கூடாது; கட்டிலுக்கு அடியில், காற்று போகும் இடத்தில்.

சார்ஜ் எங்கிருந்து? ஏஜிஎம்முக்கு 13.3 வோல்ட்டில் இணைந்து 12.8-இல் பிரியும் சாதாரண ரிலே போதும், பழைய ஆல்டர்னேட்டருக்கு (இஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் கருவி) ஒத்துப்போகும். லித்தியத்தை அப்படி நேராக இணைத்தால் ஆல்டர்னேட்டர் கொடுப்பதை எல்லாம் அது இழுக்கும். மெதுவாக ஓடும் இஞ்சினில் ஆல்டர்னேட்டர் கருகும். இழுக்கும் அளவைக் கட்டுப்படுத்த நடுவில் டிசி-டிசி சார்ஜர் கட்டாயம். 30 ஆம்பியர் சார்ஜர் இரண்டரை மணி நேர ஓட்டத்தில் 75 ஆம்பியர்-அவர் திருப்பிவிடும், அதாவது ஒரு நாள் செலவு. உள்ளீட்டில் 40 ஆம்பியர் வரை இழுக்கும் என்பதால் முன்னிருந்து பின்னுக்கு 5 மீட்டர் ஓட்டத்துக்கு 16 சதுர மி.மீ. ஒயர், போக வர 10 மீட்டரில் 0.4 வோல்ட்டுக்குச் சற்று மேல் குறையும். 25 சதுர மி.மீ. போட்டால் 0.3-க்குள். இரண்டு பேட்டரி முனையிலும் 20 செ.மீ.க்குள் 60 ஆம்பியர் ஃபியூஸ். ஒரு முனையில் மட்டும் போடுகிறவர்கள் அதிகம். ஒயர் நடுவில் உரசினால் ஃபியூஸ் இல்லாத பக்கத்திலிருந்து தீ வரும்.

ஜப்பான் டீசல் வண்டிகள் சிலவற்றில் முன்னாலேயே இரண்டு பேட்டரி இருக்கும். இரண்டாவது குளிரில் ஸ்டார்ட் செய்வதற்காக முதலாவதோடு சேர்த்தே கட்டியது. அதில் ஃப்ரிட்ஜை மாட்டினால் காலையில் இரண்டுமே காலி.

சோலாரைப் பற்றி விற்பவர் சொல்வதைப் பாதியாக்குங்கள். கூரையில் படுத்த 200 வாட் தகடு நல்ல வெயிலில் நாளுக்கு 45 முதல் 50 ஆம்பியர்-அவர் தரும். ஆனால் நாம் நிறுத்துவது மர நிழலில். தகட்டின் ஒரு மூலையில் நிழல் விழுந்தாலே உற்பத்தி பெருமளவு குறையும். ஒரே இடத்தில் இரண்டு மூன்று நாள் தங்குகிறவர்களுக்குக் கூரைத் தகட்டை விட, வெயிலில் தள்ளி வைக்கும் மடக்குத் தகடு மேல்.

மறைந்த செலவுகளில் எலியைச் சொல்லாமல் முடியாது. செம்பனைக்குப் பக்கத்தில் நிற்கும் வண்டியில் ஒயர் கடிபடும். எல்லா ஒயரையும் நெளிவுக் குழாயில் போட்டு, தகரத்தைத் துளைத்த இடத்தில் ரப்பர் வளையம் வையுங்கள். சாப்பாட்டுத் துணுக்கை உள்ளே விடாதீர்கள். பின் இருக்கையைக் கழற்றிவிட்டு அலமாரி கட்டுவது பதிவில் உள்ள இருக்கை எண்ணிக்கையை மாற்றுகிறது. கழற்றும் முன் ஜேபிஜே-யில் கேளுங்கள்.

எப்போதாவது ஒரு முறை போகிறவர்களுக்கு, கையில் தூக்கும் பவர் ஸ்டேஷன் ஒன்று இந்தத் தலைவலி எல்லாவற்றையும் தவிர்க்கும். வண்டியில் ஒரு துளைகூடப் போட வேண்டாம், வீட்டில் கரண்ட் போனாலும் உதவும். பழுதானால் மொத்தமாக அனுப்ப வேண்டும் என்பதும், பயணத்தில் மெதுவாகவே சார்ஜ் ஆகும் என்பதும் அதன் குறை.

## மூன்றும் அருகருகே

| | அடிப்பாகம் | டயரும் ஸ்ப்ரிங்கும் | மின்சாரம் |
|---|---|---|---|
| வீடு திரும்ப உதவுமா | நேரடியாக | பாதை மோசமானால் மட்டும் | உதவாது. தப்பாகக் கட்டினால் கெடுதல்தான் |
| கூடும் கனம் | இல்லை | சிறிது. ஸ்ப்ரிங் கனம் தாங்கும் | லித்தியத்தோடு 30 கிலோ அளவு, ஏஜிஎம் இரண்டோடு 80 வரை |
| யார் செய்வார் | ஊர் போமனே | டயர் கடை, ஸ்ப்ரிங் கடை | ஒயர் வேலை தெரிந்தவர் அரிது |
| ஜேபிஜே | தொந்தரவில்லை | தூக்கினால் உண்டு | இருக்கை கழற்றினால் உண்டு |
| பின்னால் வரும் செலவு | திறந்தபின் தெரியும் வேலை | டீசல், சிவி பூட், அலைன்மெண்ட் | ஆல்டர்னேட்டர், எலி |
| விற்கும்போது | விலையில் சேரும் | ஓரளவு | கழற்றி அடுத்த வண்டிக்கு மாற்றலாம் |

## யாருக்கு எது

சர்வீஸ் சரித்திரம் தெரியாத வண்டி என்றால் விவாதமே இல்லை, முதல் வழி. அதிலும் முழுத் தொகை இல்லாவிட்டால் கூலிங், பிரேக் எண்ணெய், டீசல் ஹோஸ், அலாரம் இந்த நாலும் மட்டும்.

அடிப்பாகம் நம்பகமாக இருந்து, டுரியான் தோப்புக்கோ லாசாவுக்கு மேலே ஆற்றங்கரைக்கோ மழைக்காலத்திலும் போகிறவர்கள் இரண்டாவது வழி: ஐந்து ஆல்-டெரைன், கனத்துக்கு ஏற்ற பின் ஸ்ப்ரிங், கம்ப்ரசர், மூச்சுக்குழாய் நீட்டிப்பு. தூக்கலை விடுங்கள். வனக்காப்பகத்துக்குள் போவதற்கு வனத்துறை அனுமதியும் வேண்டும், அதை எந்த டயரும் வாங்கித் தராது.

லூமுட், தெலுக் பாத்திக், கிழக்குக்கரை என்று தாரிலேயே ஓடி, மூன்று நாலு ராத்திரி வண்டியிலேயே தூங்குகிற குடும்பம் மூன்றாவது வழிக்கு நேராகப் போகலாம். ஃபோர்-வீல் அவர்களுக்கு மணலில் சிக்காமல் இருக்க மட்டுமே. எச்டி டயர் போதும். வருடத்தில் தைப்பூசத்துக்கும் பள்ளி விடுமுறைக்கும் மட்டும் கிளம்புகிறவர்கள் பவர் ஸ்டேஷனோடு நிறுத்திக்கொண்டு மிச்சத்தை முதல் வழிக்குப் போடலாம்.

இன்னொரு கூட்டம் உண்டு: எடைமேடையில் பின் அச்சு ஏற்கெனவே அளவைத் தாண்டியவர்கள். அவர்கள் மூன்றில் எதையும் தொடும் முன் அலமாரியையும் கூரைச் சாமானையும் குறைக்க வேண்டும். கனமான ஸ்ப்ரிங் போட்டால் வண்டி நிமிர்ந்து நிற்கும், ஆனால் அச்சுக்கும் பிரேக்குக்கும் அனுமதித்த எடை கூடாது.

எந்த வேலை செய்தாலும் உடனே நீண்ட பயணம் வேண்டாம். கெரிக் வரை ஒரு நாள் போய் வாருங்கள். டயர் கழற்றி மாட்டியிருந்தால் 50 முதல் 100 கி.மீ.க்குள் வீல் நட்டைத் திரும்ப முறுக்கிப் பார்க்க வேண்டும். கூலண்ட் மட்டத்தை மறுநாள் காலை, இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். காற்று வெளியேறியிருந்தால் ரிசர்வ் டாங்க் இறங்கியிருக்கும், நிரப்பி இன்னொரு நாள் பார்த்தும் இறங்கினால் கசிவு. பேட்டரி ஒயர் முனைகளை ஓட்டம் முடிந்ததும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சூடாக இருக்கும் முனை சரியாக அழுத்தப்படாதது, அதை வெட்டிவிட்டுப் புதிதாக லக் (ஒயர் முனையில் அழுத்தும் உலோக வளையம்) போட வேண்டும்.